மனிதன் எப்படி மனிதனானான்? சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு 27 ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்ற பின், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்களை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்று மரங்களையும் பாறைகளையும் காட்டி வருகிறேன். பேச்சு எதில் தொடங்கினாலும், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் அது மனிதன் எங்கிருந்து வந்தான் என்பதில் வந்து நிற்கும். மாணவர்கள் கேட்பதையும், உடன் வரும் பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்பதையும், மலைக் கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்கள் கேட்பதையும் தொகுத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்றால், மலைப்பாதையில் உட்கார்ந்திருக்கும் குரங்குகள் ஏன் இன்னும் மனிதராகவில்லை?

இந்தக் கேள்வி வராத ஞாயிற்றுக்கிழமையே இல்லை. ஏற்காட்டுச் சாலையின் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து, வண்டியிலிருந்து விழும் கடலைக்காகக் காத்திருக்கும் நாட்டுக்குரங்கு நம் பாட்டனும் அல்ல, பாட்டனின் பாட்டனும் அல்ல. அது நம் பங்காளி. பங்காளி என்ற சொல்லின் பொருள் நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரே முன்னோரின் வழியில் வந்து, எப்போதோ பாகம் பிரிந்து, தனித்தனிக் குடும்பமாக வளர்ந்தவர்கள். உங்கள் பங்காளி வீட்டார் உங்களிடமிருந்து பிறக்கவில்லை. அவர்கள் நீங்களாக மாறவேண்டிய கட்டாயமும் இல்லை.

நாட்டுக்குரங்கின் வழியும் நம் வழியும் பிரிந்து ஏறத்தாழ இரண்டரைக் கோடி முதல் மூன்று கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்த நெடுங்காலத்தில் அதுவும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. அது கடலையை விழுங்காமல் கன்னத்தின் உட்புறம் உள்ள பையில் அடக்கிக்கொண்டு, ஆபத்தில்லாத கிளைக்குப் போய் நிதானமாக மெல்லும். அந்தக் கன்னப்பை நமக்கு இல்லை. பரிணாமம் என்பது மனிதனை உச்சிப்படியில் வைத்த ஏணி அன்று. கிளைவிட்டுக் கிளைவிட்டுப் பரந்த ஒரு மரம். அதில் நாம் ஒரு கிளையின் நுனி, குரங்கு இன்னொரு கிளையின் நுனி.

அப்படியானால் நமக்கு மிக நெருங்கிய உறவு எது?

சிம்பன்சியும் அதன் நெருங்கிய உறவான போனபோ என்ற வாலில்லாக் குரங்கும். இவற்றின் வழியும் நம் வழியும் ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் பிரிந்தன. டி.என்.ஏ. எழுத்துகளை ஒன்றுக்கு ஒன்று நேராக வைத்து ஒப்பிட்டால், நமக்கும் சிம்பன்சிக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1.2 விழுக்காடுதான், இடையில் சேர்ந்தும் விடுபட்டும் போன பகுதிகளையும் கணக்கில் எடுத்தால் அது இன்னும் கூடும்.

மாணவர்களை வாயடைக்க வைக்கும் சான்று வேறொன்று. சிம்பன்சிக்கு 48 குரோமோசோம்கள், நமக்கு 46. ஒரு இணை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. சிம்பன்சியில் தனித்தனியாக உள்ள இரண்டு குரோமோசோம்கள் நம் முன்னோரிடம் முனையோடு முனை ஒட்டிக்கொண்டு, நம்முடைய இரண்டாம் குரோமோசோமாக இருக்கின்றன. குரோமோசோமின் கடைக்கோடியில் மட்டுமே இருக்கவேண்டிய எழுத்து வரிசை அதன் நடுவே கிடக்கிறது. இரண்டு சேலைகளைத் தலைப்போடு தலைப்பு சேர்த்துத் தைத்தால், கரை நடுவில் வந்து நின்று காட்டிக்கொடுப்பதைப் போல.

லட்சம், கோடி என்று சொல்கிறீர்கள், மனத்தில் பிடிபடவில்லை. எளிதாக நினைத்துப் பார்க்க வழி உண்டா?

அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவுகள் சம தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் வழி சிம்பன்சியின் வழியிலிருந்து பிரிந்த காலத்தை 70 லட்சம் ஆண்டுகள் எனக் கொண்டு அடிவாரத்தில் நிறுத்துங்கள். இன்றைய நாளை இருபதாவது வளைவில் வையுங்கள். ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் இடையே மூன்றரை லட்சம் ஆண்டுகள்.

ஒன்பதாவது வளைவைத் தாண்டிப் பாதி தூரம் போனதும், தான்சானியாவின் லேடோலியில் எரிமலைச் சாம்பலின்மீது இருவரோ மூவரோ நிமிர்ந்து நடந்துபோகிறார்கள். பத்தாவது வளைவுக்கும் பதினொன்றாவது வளைவுக்கும் நடுவில், கென்யாவின் லோமெக்வியில் யாரோ கல்லைக் கல்லால் தட்டிக் கூராக்குகிறார்கள். பதினான்கைத் தாண்டிய பிறகுதான், நம்மைப் போன்ற உயரமும் நீண்ட காலும் கொண்ட ஹோமோ எரக்டஸ் தோன்றுகிறது. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் வருவதோ பத்தொன்பதாவது வளைவையும் கடந்த பிறகு.

வளைவுக்கு வளைவு அரைக் கிலோமீட்டர் என்று கொண்டால், உலகில் வேளாண்மை தொடங்கியது இருபதாவது வளைவுக்கு 17 மீட்டர் முன்னால். கீழடியில் மக்கள் வாழ்ந்த காலத்திலிருந்து இன்றுவரையுள்ள 2,600 ஆண்டுகள் ஏறத்தாழ நான்கு மீட்டர். இதைச் சொல்லிவிட்டு மாணவர்களை அந்த நான்கு மீட்டரை நடந்து காட்டச் சொல்வேன். ஐந்தாறு எட்டில் முடிந்துவிடும். பேருந்தில் அவ்வளவு நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறிவந்த வளைவுகளை அப்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள்.

மனிதனை மனிதனாக்கியது மூளைதானே?

நூறாண்டுகளுக்கு முன் அறிஞர்களே அப்படித்தான் நம்பினார்கள். 1912 டிசம்பரில் லண்டனில், மனித மண்டையோடும் குரங்குத் தாடையும் கொண்ட ‘பில்ட்டவுன் மனிதன்’ அறிவிக்கப்பட்டபோது, மூளை முதலில் பெருத்தது, மற்றவை பிறகு வந்தன என்ற எண்ணத்துக்கு அது வாகாகப் பொருந்தியது. மனித மண்டையோட்டையும் ஒராங்குட்டான் தாடையையும் சேர்த்து வைத்துச் செய்த ஏமாற்று வேலை அது என்பது 1953இல்தான் வெளிப்பட்டது. அதற்கிடையே, 1924இல் தென்னாப்பிரிக்காவின் டாங் என்ற இடத்தில் கிடைத்த உண்மையான குழந்தை மண்டையோட்டை உடற்கூறியல் அறிஞர் ரேமண்ட் டார்ட் எடுத்துக்காட்டியபோது, மூளை சிறிதாக இருக்கிறதே என்று பலர் ஒதுக்கித் தள்ளினார்கள். பொய் நம் எதிர்பார்ப்புக்கு ஒத்துவந்ததால் உண்மை பல ஆண்டுகள் வாசலிலேயே காத்திருந்தது. அறிவியல் தவறு செய்யும் என்பதற்கும், தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் என்பதற்கும் நான் தரும் எடுத்துக்காட்டு இதுதான்.

முதலில் மாறியது கால். 1974இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் டொனால்ட் ஜோஹன்சன் குழு கண்டெடுத்த ‘லூசி’ 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவள். ஏறத்தாழ மூன்றரை அடி உயரம். எலும்புக்கூட்டில் 40 விழுக்காடு கிடைத்திருக்கிறது. இடுப்பெலும்பும் முழங்காலும் நிமிர்ந்து நடந்தவளுடையவை. அவள் இனத்தின் மூளையோ சிம்பன்சியின் மூளையைவிடச் சற்றே பெரிது. லேடோலித் தடங்கள் அதைவிடவும் பழையவை, 36 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றின் படத்தில் பெருவிரலைப் பாருங்கள். கிளையைப் பற்றும் கட்டைவிரல் போல் அது விலகி நிற்கவில்லை. மற்ற விரல்களோடு சேர்ந்து முன்னோக்கி இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த தோட்டத்து மண்ணில் பதியும் வெறுங்காலைப் போலவே குதிகால் ஆழமாகப் பதிந்திருக்கிறது.

நிமிர்ந்து நடந்ததற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். நாலு கால் உடலைத் தூக்கி நிறுத்திய முதுகெலும்பு இடுப்பில் வளைந்துதான் எடையைத் தாங்குகிறது. இடுப்பு வலியோடு எலும்பு மருத்துவரிடம் காத்திருப்பவர்கள் எல்லோரும் அந்த மாற்றத்தின் கடனைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கை விடுபட்டதால் என்ன நடந்தது?

செவ்வாப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் ஒரு கால் மணி நேரம் நின்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். மிளகைவிடச் சிறிய வெள்ளி மணியைக் கட்டைவிரல் நுனிக்கும் ஆள்காட்டி விரல் நுனிக்கும் இடையே பிடித்து, கண் சிமிட்டாமல், வளையத்தில் கோத்து, அடுத்த கையால் இறுக்குகிறார்கள். சிம்பன்சியின் கட்டைவிரல் குட்டை, மற்ற விரல்கள் நீளம். கிளையைப் பிடித்துத் தொங்க அது மிக நல்ல கை. விரல் நுனியோடு விரல் நுனி அழுத்தமாகப் பொருந்துவதற்கு நம்முடையதைப் போன்ற நீண்ட கட்டைவிரல் வேண்டும். லோமெக்வியில் கிடைத்த கற்கருவிகள் 33 லட்சம் ஆண்டுகள் பழையவை. அதாவது, பெரிய மூளை வருவதற்கு முன்பே கருவி செய்யும் கை வந்துவிட்டது. மூளை கையை வளர்த்தது என்பதைவிட, கைக்கு வேலை கூடக்கூட மூளைக்கும் வேலை கூடியது என்று சொல்வதே என் பார்வையில் பொருத்தம்.

மூளை எப்போது, எதனால் பெரிதாயிற்று?

சிம்பன்சியின் மூளை ஏறத்தாழ 400 கன சென்டிமீட்டர்; நம்முடையது சராசரியாக 1,350. இந்த வளர்ச்சியின் பெரும்பகுதி கடந்த 20 லட்சம் ஆண்டுகளில் நடந்தது. உடல் எடையில் இரண்டு விழுக்காடே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. இப்படிப்பட்ட உறுப்பை வைத்துக் காப்பாற்ற நல்ல சாப்பாடு வேண்டும். இறைச்சி, எலும்பு மச்சை, கிழங்கு எல்லாம் உதவியிருக்கும். சமைத்த உணவே திருப்புமுனை என்பது மானுடவியலாளர் ரிச்சர்ட் ராங்கமின் கருத்து: வெந்த கிழங்கை மெல்லவும் செரிக்கவும் குறைந்த ஆற்றலே போதும், மிச்சம் மூளைக்குப் போகும். தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய நெருப்பின் தடயம் கிடைத்துள்ளது. ஆனால் மூளை வளரத் தொடங்கிய காலத்திலேயே அடுப்பு எரிந்தது என்று காட்டும் உறுதியான சான்று இன்னும் கிடைக்கவில்லை என்பதால், இதை நல்ல கருதுகோள் என்ற அளவிலேயே மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

முறிந்து கூடிய தொடை எலும்பே நாகரிகத்தின் முதல் அடையாளம் என்று மார்கரெட் மீட் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?

உருக்கமான செய்திதான், எனக்கும் வாரம் ஒருமுறை வருகிறது. ஆனால் அந்த மானுடவியலாளர் அப்படி எழுதியதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. கருத்தும் அப்படியே சரியன்று: காட்டில் வாழும் கிப்பன் குரங்குகளிடமும் முறிந்து கூடிய எலும்புகள் பதிவாகியுள்ளன. அவற்றுக்கு யாரும் கட்டுப் போடவில்லை.

அந்தச் செய்தி சுட்டவந்த திசையில் அதைவிட வலுவான சான்றுகள் இருக்கின்றன. ஜார்ஜியா நாட்டின் டமனீசியில் ஏறத்தாழ 18 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய மண்டையோடு ஒன்று கிடைத்தது. சாகும்போது அவருக்கு ஒரே ஒரு பல்தான் மிச்சம். பல் விழுந்த குழிகள் எல்லாம் எலும்பு வளர்ந்து மூடி, தாடை வழவழப்பாகிக் கிடந்தது. பல் போன பிறகும் அவர் பல காலம் வாழ்ந்தார் என்பது அதன் பொருள். கல்லால் நசுக்கியோ மென்மையானதைத் தேர்ந்தெடுத்தோ அவரே சாப்பிட்டிருக்கவும் கூடும். கூட்டத்தார் கொடுத்திருக்கவும் கூடும். ஈராக்கின் ஷானிடார் குகையில் கிடைத்த நியாண்டர்தால் மனிதரை (நமக்கு நெருங்கிய, பின்னர் அழிந்துபோன மனித வகையைச் சேர்ந்தவர்) பொறுத்தவரை ஐயம் குறைவு. ஒரு கண் பக்கம் அடிபட்டு நசுங்கி, வலக்கை சூம்பிப்போய், காலையும் இழுத்து நடந்த அவர், அந்தக் காயங்களோடு பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். வேட்டையாடித் தின்ற கூட்டத்தில் அவருக்கும் பங்கு வந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், மனிதனை மனிதனாக்கியவற்றுள் மிகக் குறைவாகப் பேசப்படுவது பிள்ளை வளர்ப்பு. நிமிர்ந்து நடக்க இடுப்பெலும்பு ஒடுங்கவேண்டும், மூளை வளரத் தலை பெருக்கவேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது பிரசவம். அதனால் மனிதப் பெண்ணுக்குப் பேறுகாலத்தில் பக்கத்தில் ஆள் வேண்டியிருக்கிறது. பிறக்கும் குழந்தையோ தலை நிற்கவே மாதங்கள் ஆகும் அளவுக்கு இயலாதது. சிம்பன்சித் தாய் ஒரு குட்டியை ஐந்து ஆண்டுக்கு மேல் தனியே வளர்த்த பிறகே அடுத்ததைப் பெறுகிறது. வேட்டையாடிச் சேகரித்து வாழும் சமூகங்களின் பெண்களோ ஏறத்தாழ மூன்றாண்டு இடைவெளியில் பெறுகிறார்கள். முதல் பிள்ளை தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ளும் முன்பே இரண்டாவது வந்துவிடுகிறது. ஒரு தாயால் மட்டும் முடிகிற காரியமா அது?

தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே ஆய்வு செய்த கிறிஸ்டன் ஹாக்ஸ், அங்கே பேரப்பிள்ளைகளுக்குக் கிழங்கு தோண்டி வருபவர்கள் பாட்டிமார் என்பதைக் கண்டார். பிள்ளை பெறும் வயது முடிந்த பிறகும் பெண் பல பத்தாண்டுகள் திடமாக வாழ்வது பெரும்பாலான பாலூட்டிகளில் இல்லாதது; அந்த நீண்ட முதுமை மனித இனத்தில் நிலைத்ததற்குப் பாட்டியின் உழைப்பே காரணமாகலாம் என்பது அவர் முன்வைத்த கருத்து. இதைப் படித்தபோது எனக்கு ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வீட்டின் முற்றம் கண்முன் வந்தது. தாய் பழம் பறிக்கப் போயிருந்தாள். அம்மாயி ராகிக் களியை உருட்டி, கீரைச் சாற்றில் தோய்த்து, பல் முளைக்காத பேத்தியின் வாயில் ஒரு துணுக்கு வைத்தார். அடுத்த உருண்டையைத் திண்ணையில் இருந்த பல் போன தாத்தாவின் தட்டில் வைத்தார். டமனீசியின் தாடை எலும்பைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். அது எனக்குப் புரிந்தது அந்த முற்றத்தில்தான்.

நம் உடலில் முடி ஏன் இல்லை? தோல் ஏன் பல நிறம்?

முடி முற்றிலும் போய்விடவில்லை, மெலிந்து குட்டையாகிவிட்டது. வெயிலில் நெடுந்தூரம் நடக்கவும் ஓடவும் வேண்டியிருந்த உடலுக்கு வியர்வைதான் குளிரூட்டி. அடர்ந்த முடி வியர்வை ஆவியாவதைத் தடுக்கும். முடி குறைந்த தோலுக்கு மெலனின் என்ற கருநிறமி குடையானது. புறஊதாக் கதிர் உடலின் ஃபோலேட் சத்தை அழிக்காமல் அது காக்கிறது. வெயில் குறைந்த வடதிசைக்குப் போனவர்களுக்கு, வைட்டமின் டி உண்டாகத் தோல் வெளுப்பது உதவியது. கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று நாம் பெண் பார்க்கும்போது பேசுவதெல்லாம் சூரியனுக்கும் தோலுக்கும் நடந்த பேரத்தின் கணக்குதான். அதில் உயர்வு தாழ்வு கொண்டாட எதுவுமில்லை.

சேர்வராயன் மலையில் தோண்டினால் ஆதிமனிதர் எலும்பு கிடைக்குமா?

கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. இந்த மலை சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருவான பாறை அது. அப்போது எலும்புள்ள உயிரே உலகில் இல்லை. மேலே மூடியிருக்கும் செம்மண்ணோ அமிலத் தன்மை உடையது, எலும்பை விரைவில் கரைத்துவிடும். அரியலூர்ப் பக்கம் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைப்பது அங்குள்ள பாறை கடலடியில் படிந்தது என்பதால்.

ஆனால் கல் கரையாது. புதிய கற்காலத்து மக்கள் தேய்த்து மெருகேற்றிய கற்கோடரிகள் இந்த மலையில் கிடைத்திருக்கின்றன. அவற்றைச் சேகரித்தவர்களில் ஒருவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய அவர்தான் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்திய மண்ணில் கற்கால மனிதர் வாழ்ந்ததை உலகுக்குக் காட்டியவர். ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். பில்ட்டவுன் ஏமாற்று அறிவிக்கப்பட்ட அதே 1912 டிசம்பரின் கடைசியில் கல்கத்தாவில் காலமானார். அவருடைய சாம்பல் ஏற்காட்டின் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. படகுத் துறைக்கும் பூங்காவுக்கும் போகும் கூட்டத்தில் நூற்றில் ஒருவராவது அங்கே நின்று வரவேண்டும் என்பது என் ஆசை.

தமிழகத்தில் மனிதர் எவ்வளவு காலமாக வாழ்கிறார்கள்?

பல்லாவரத்துக்குச் சில மாதங்கள் கழித்து, ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலையாற்றுப் பகுதியில் உள்ள அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டனர். அதே இடத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் பல ஆண்டுகள் அகழ்ந்து, அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2011இல் வெளியிட்டார்கள். வெட்டவெளியில் கிடக்கும் கல்லில் விண்கதிர் பட்டு உண்டாகும் சில வகை அணுக்கள், கல் மண்ணுக்குள் புதைந்த பிறகு சிதைந்து குறையும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அளந்து, புதைந்த காலத்தைக் கணித்தார்கள். பின்னர் 2018இல், அதே ஊரில் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே புதிய முறைக் கருவிகள் தொடங்கிவிட்டதையும் காட்டினார்கள்.

அவற்றைச் செய்தவர்கள் யார் என்று சொல்ல அங்கே மனித எலும்பு கிடைக்கவில்லை. மிகப் பழைய கைக்கோடரிகளைச் செய்த காலத்தில் நம் இனம் இன்னும் தோன்றவில்லை. ஆகவே ‘15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தமிழன்’ என்று போடப்படும் தலைப்புகள் பிழையானவை. அந்தக் கருவிகளின் பெருமை வேறு. இரண்டு பக்கமும் சமமாக இருக்குமாறு, மனத்தில் வடிவத்தை முன்கூட்டியே கண்டு, தட்டித் தட்டி உருவாக்கிய கைகள் இந்த மண்ணில் இருந்தன.

நம் நேர் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள்? உசிலம்பட்டிப் பக்கம் முதல் இந்தியரைக் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்ததே?

ஹோமோ சேப்பியன்ஸ் ஆப்பிரிக்காவில் தோன்றிய இனம். இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய எச்சங்கள் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில், ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள் முற்பட்டவை. இன்று ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபுவழியில் மிகப் பெரும்பகுதி, ஏறத்தாழ 60,000 முதல் 70,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து புறப்பட்டவர்களிடமிருந்து வருகிறது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனின் ஆய்வில், உசிலம்பட்டி அருகே ஒரு கிராமத்தினரிடம் எம்130 என்ற மரபுக் குறி காணப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரை ஓரமாகவே நடந்து ஆஸ்திரேலியா வரை சென்ற பழைய கூட்டத்தோடு தொடர்புடைய குறி அது. கண்டுபிடிப்பு மதிப்புள்ளது, செய்தித் தலைப்புதான் பிழை. அந்தக் குறி இருப்பது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமில். உங்கள் அப்பாவின் அப்பாவின் அப்பா என்று ஒற்றைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போவது போல. பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 முன்னோர் இடம் உண்டு. அந்தக் கயிறு அவர்களில் ஒருவரை மட்டுமே தொடும். மற்ற 1,023 பேரும் உங்களுக்கு முன்னோர்தான். ஒரு கிராமத்தாரை ‘முதல் இந்தியர்’ என்றும் மற்றவரைப் பின்னால் வந்தவர் என்றும் பிரிக்க அது உதவாது. இந்தியாவில் ஏறத்தாழ எல்லாச் சமூகங்களும் பல காலத்தில் வந்தவர்களின் கலப்பே என்பதை முழு மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன.

நியாண்டர்தால்கள் நமக்குச் சொந்தமா?

ஆம். 2010இல் மரபியலாளர் ஸ்வாந்தே பேபோவின் குழு அவர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் நம் எல்லோரிடமும் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு அவர்களுடையது என்று தெரிந்தது. அந்தத் துறையில் செய்த பணிக்காக 2022இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மலைக் கிராமத்து மக்கள் ஆதிமனிதருக்கு இன்னும் நெருக்கமானவர்களா?

படித்தவர்களே இந்தக் கேள்வியைக் கேட்பதால், வருத்தத்தோடும் அழுத்தத்தோடும் விடை சொல்கிறேன்: இல்லை. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். தங்கள் முன்னோர் அண்ணன் தம்பிகளாகக் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாக அவர்களுடைய மரபுக் கதை சொல்கிறது. மலைமேல் இருப்பதால் யாருக்கும் கடிகாரம் நின்றுவிடாது. உலகில் உயிரோடிருக்கும் ஒவ்வொருவரும் அந்த முதல் மனிதக் கூட்டத்திலிருந்து ஒரே அளவு காலத் தொலைவில்தான் இருக்கிறோம். எந்த இரு மனிதரை எடுத்தாலும் டி.என்.ஏ. எழுத்துகளில் வேறுபாடு ஆயிரத்தில் ஒன்று அளவே. அதிலும் பெரும்பகுதி ஒரே சமூகத்துக்குள் இருப்பவர்களுக்கு இடையே உள்ள வேறுபாடு. பழங்குடி என்ற சொல்லில் உள்ள ‘பழமை’ அவர்களின் உடலைக் குறிப்பதன்று.

மனிதன் முதலில் பேசிய மொழி தமிழா? குமரிக்கண்டத்தில் மனிதன் தோன்றினானா?

தமிழை உயிராக நேசிப்பவனாகவே இதற்கும் விடை எழுதுகிறேன். பேச்சு ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் மிகப் பழையதாக இருக்கவேண்டும். சொற்களை ஒப்பிட்டு மொழிகளின் உறவைக் காணும் முறை சில ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் எட்டாது. திராவிட மொழிக் குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் என்று 2018இல் வெளியான ஒரு கணிப்பு கூறுகிறது. முதல் மொழி எது என்று கண்டறிய எந்த மொழிக்கும் வழியில்லை.

குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்ற மூழ்கிய நிலத்தின் கருத்தை 1864இல் முன்வைத்தவர் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகள் இருப்பதை விளக்க, நடுவில் ஒரு நிலம் மூழ்கியிருக்கும் என்று அவர் ஊகித்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அந்த ஊகம் தேவைப்படவில்லை. மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்ததோ மனிதர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன். கடல் கரையோர நிலத்தைக் கொண்டுபோனது பற்றிய நினைவு நம் இலக்கியத்தில் இருப்பது வேறு செய்தி. பனிக்காலம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது உலகின் பல கரையோரங்கள் கடலில் மூழ்கின. தமிழுக்குப் பெருமை சேர்க்கச் சங்கப் பாடல்களே போதும்.

பரிணாமம் முடிந்துவிட்டதா?

இல்லை. வளர்ந்த பிறகும் பாலைச் செரிக்கும் திறன் மாடு வளர்த்த சமூகங்களில் கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் பரவியது. அரிவாள் அணுச் சோகைக்குக் காரணமான மரபணு, பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து காக்கிறது, இருவரிடமிருந்தும் வந்தால் நோயாகிறது. இந்தியாவில் அது முதன்முதலில் பதிவானது 1952இல், நம் நீலகிரியில்.

உங்கள் கையிலேயே ஒன்றைப் பார்க்கலாம். உள்ளங்கையை மேலே திருப்பி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனி சேர்த்து, மணிக்கட்டைச் சற்று மடக்குங்கள். பலருக்கு நடுவில் ஒரு நரம்பு போலத் தசைநாண் துருத்தும். சிலருக்கு அது இருக்காது, பிடியின் வலிமையும் குறையாது. எங்கள் குழுவில் இதைச் செய்து பார்க்கும்போது அண்ணனுக்கு இருந்து தம்பிக்கு இல்லாமல் போவதும் உண்டு.

இது வெறும் கோட்பாடுதானே? கடவுள் நம்பிக்கைக்கு எதிரானதா?

அறிவியலில் கோட்பாடு என்பது ஊகம் அன்று. சான்றுகளால் சோதிக்கப்பட்டு நிற்கும் விளக்கம். மனிதனின் தோற்றத்தை ஆப்பிரிக்காவில் தேடவேண்டும் என்று டார்வின் 1871இல் எழுதியபோது அங்கிருந்து ஒரு பழைய மனித எலும்பும் கிடைத்திருக்கவில்லை. கிடைக்கத் தொடங்கியது அரை நூற்றாண்டு கழித்து. நம்பிக்கை பற்றி அவரவர் முடிவு செய்யலாம். என்னோடு மலையேறும் பெற்றோரில் பலர் சேர்வராயன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வந்துதான் லூசியின் படத்தைப் பார்க்கிறார்கள்.

இவற்றையெல்லாம் நேரில் எங்கே பார்க்கலாம்? மலையில் கற்கோடரி கண்ணில் பட்டால் என்ன செய்யவேண்டும்?

ஃபூட் சேகரித்த கருவிகள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. அத்திரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் பூண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புத் தமிழ்நாடு அறிவியல் பாடநூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்ற பாடம் இருப்பதால், கிளம்பும் முன் மாணவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும்.

மலையில் வழவழப்பான, ஒரு முனை கூராகத் தேய்த்த கல் கிடைத்தால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த மண்ணில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் கதை. இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அது வெறும் கல். பக்கத்தில் ஒரு நாணயத்தையோ பேனாவையோ அளவுக்கு வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். மரத்தடிக் கோயிலில் சாமியாக வைத்துக் கும்பிடும் கல்லாக அது இருந்தால், தொடாமல், அந்த ஊர்ப் பெரியவரிடம் கேட்டுவிட்டுப் படம் மட்டும் எடுங்கள்.